வீட்டில் கட்டிய விமானத்தை லாரியில் ஏற்றுவது எப்படி?

பாஞ்சாலங்குறிச்சிக்குப் பக்கத்தில் குறுக்குச்சாலையில் கொஞ்ச நேரம் நின்றால், மதுரை - தூத்துக்குடி நான்குவழிச் சாலையில் காற்றாலை இறக்கை ஏற்றிய டிரெய்லர் ஒன்றாவது கண்ணில் படும். ஒரே இறக்கைதான். ஆனால் அது கடந்து போக எடுக்கும் நேரத்தில் ஒரு டீ குடித்துவிடலாம். தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகம் 80 மீட்டரைத் தாண்டிய இறக்கைகளையும் கையாண்டிருக்கிறது. இதைப் பார்க்கிற யாருக்கும் முதலில் தோன்றும் கேள்வி: இதை ரெண்டு துண்டாகச் செய்து, போய்ச் சேர்ந்த இடத்தில் பூட்டிக்கொள்ளக் கூடாதா?

செய்யலாம், அப்படிச் செய்த வடிவமைப்புகளும் உண்டு. பெரும்பாலானவர்கள் செய்யாததற்குக் காரணம், இணைப்பு என்பது இலவசம் இல்லை. எங்கே பிரிக்கிறோமோ அங்கே எடை கூடும், செலவு கூடும், எந்நாளும் சோதித்துக்கொண்டே இருக்க வேண்டிய ஒரு இடமும் கூடும். அதனால் காற்றாலைக்காரர்கள் இறக்கையை விட்டுவிட்டு சாலையைச் சரிசெய்கிறார்கள். வளைவை அகலப்படுத்துவார்கள், கம்பத்தைப் பிடுங்கி நடுவார்கள், ராத்திரியில் ஓட்டுவார்கள்.

வீட்டில் விமானம் கட்டுகிறவருக்கு அந்த வசதி கிடையாது. அவர் சாலைக்கு ஏற்ற மாதிரி இறக்கையைக் கழற்றியே ஆகணும். இந்தப் பதிவு அதைப் பற்றியது. கழற்றுவதில் என்ன பெரிய விஷயம் என்று நினைத்துத்தான் நானும் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க, விஷயம் கழற்றுவதில் இல்லை, திரும்பப் பூட்டுவதில் இருக்கிறது என்று தெரிந்தது.

நமக்கு மிகப் பக்கத்தில் இருக்கிற உதாரணம் மணிமுத்தாறு. கேரளத்தின் இடுக்கி மாவட்டம், தொடுபுழா பக்கம் தட்டக்குழா என்ற ஊரைச் சேர்ந்தவர் சஜி தாமஸ். காது கேளாதவர், வாய் பேச இயலாதவர், ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். சின்ன வயதில் ரப்பர் தோட்டத்துக்கு மருந்து தெளிக்க வந்த ஹெலிகாப்டரைப் பார்த்ததில் பிடித்த பைத்தியம். எலக்ட்ரிக் ரிப்பேர், கல்யாண போட்டோ என்று கிடைத்த வேலை பார்த்து, வருஷக்கணக்காகக் காசு சேர்த்து, இரண்டு பேர் உட்காரும் ஒரு குட்டி விமானத்தைக் கட்டினார். ‘சஜி எக்ஸ் ஏர் - எஸ்’ என்று பெயர். 2017-ல் வந்த ‘விமானம்’ என்ற மலையாளப் படம் இவருடைய கதையைத் தழுவியதுதான். அந்த விமானம் 2014-ல் பறந்தது இடுக்கியில் அல்ல. நம் திருநெல்வேலி மாவட்டத்து மணிமுத்தாறில். ஓட்டியவர் விமானப்படையில் ஓய்வுபெற்ற விங் கமாண்டர் எஸ்.கே.ஜே. நாயர்.

வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். தட்டக்குழாவுக்கும் மணிமுத்தாறுக்கும் நடுவில் மேற்குத் தொடர்ச்சி மலை நிற்கிறது. ஆரியங்காவு வழியாக வந்தாலும் சரி, குமுளி வழியாக வந்தாலும் சரி, மலை ஏறி இறங்கணும். இன்னும் ஒரு தடவைகூடப் பறக்காத விமானம் மலையைத் தாண்ட ஒரே வழி சாலைதான். அதாவது, அது வானத்தில் ஏறுவதற்கு முன்னால் வண்டியில் ஏறியாக வேண்டும்.

இது சஜி தாமஸுக்கு மட்டும் வந்த நிலைமை இல்லை. மும்பை காந்திவலியில் அமோல் யாதவ் என்ற பைலட் ஒரு அடுக்குமாடி வீட்டின் மொட்டை மாடியில் ஆறு பேர் அமரும் விமானத்தைக் கட்டினார். 2016 பிப்ரவரியில் ‘மேக் இன் இந்தியா’ கண்காட்சிக்கு அதைப் பிரித்து, கிரேன் வைத்து இறக்கித்தான் கொண்டு போனார்கள். இன்னும் பின்னால் போனால், 1910-ல் சென்னை மவுண்ட் ரோடில் ஹோட்டல் நடத்திவந்த கோர்சிகாக்காரர் ஜாக்கோமோ தாஞ்சலிஸ், சிம்ப்சன் கம்பெனி பட்டறையில் ஒரு இருதள விமானம் செய்யச் சொல்லி, பல்லாவரத்தில் பறந்து பார்த்தார். மவுண்ட் ரோடிலிருந்து பல்லாவரம்வரை அதுவும் தரைவழியாகத்தான் போயிருக்கும். ரைட் சகோதரர்களுக்கும் இதே பாடுதான். டேட்டனில் செய்து, பெட்டியில் கட்டி, கிட்டி ஹாக்குக்கு அனுப்பினார்கள். 1908-ல் வில்பர் ரைட் பிரான்சில் லே மான் ஊரில் பெட்டியைத் திறந்தபோது உள்ளே விலாக்கட்டைகள் உடைந்து, துணி கிழிந்து கிடந்தது. தம்பி சரியாகக் கட்டவில்லை என்று நினைத்து கோபமாகக் கடிதம் எழுதினார். சுங்கத்துறைக்காரர்கள் பிரித்துவிட்டு அள்ளிப் போட்டது பிறகுதான் தெரிந்தது. பழுது பார்க்கவே வாரக்கணக்கில் ஆனது. ஆகஸ்ட் 8-ஆம் தேதிதான் பறக்க முடிந்தது.

சரி, நம் விமானத்துக்கு வருவோம். ‘எக்ஸ் ஏர்’ என்பது பெங்களூரு ராஜ் ஹம்சா நிறுவனம் செய்துவந்த குட்டி விமானத்தின் பெயரும்கூட. அலுமினிய டியூப் சட்டம், அதன்மேல் பாய்மரத் துணி மாதிரியான டாக்ரான் உறை, தலைக்கு மேலே இறக்கை, இறக்கையைத் தாங்க அடியிலிருந்து சாய்வாகப் போகும் கம்பி. அந்தக் கம்பிக்கு ஸ்ட்ரட் என்று பெயர். இந்த வகை விமானத்தின் மொத்த இறக்கை நீளம் 9, 10 மீட்டர் வரும். சாலையில் ஓடும் வண்டியின் அகலம் 2.6 மீட்டரைத் தாண்டக் கூடாது என்பது மோட்டார் வாகன விதி. ஆக இறக்கையை நடுவில் இரண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் வண்டியின் நீளவாட்டில் வைக்கணும். ஒரு பக்க இறக்கை ஐந்து மீட்டருக்குள் என்றால் 17 அடி ஐச்சரில் அடங்கும். உடல் பகுதி ஆறு மீட்டருக்குக் கிட்டே என்பதால் 20 அடி லாரி பார்ப்பது நல்லது. வால் இறக்கையும் லாரியின் உள் அகலத்தைவிடப் பெரிதாக இருந்தால் அதையும் கழற்றணும்.

இப்போது அந்த இணைப்பு எதைத் தாங்குகிறது என்று ஒரு தோராயக் கணக்கு போடுவோம். எனக்கு இந்தக் கணக்குதான் கண்ணைத் திறந்தது.

ஆளோடு சேர்த்து விமானத்தின் எடை 450 கிலோ. காற்றுக் குலுக்கலிலோ திருப்பத்திலோ இறக்கை அந்த எடையைப்போல நான்கு மடங்கு தாங்கணும் என்று வைத்துக்கொள்வோம்: 1,800 கிலோ. ஒரு பக்க இறக்கைக்கு 900 கிலோ. இந்தத் தூக்குவிசை இறக்கை முழுக்கப் பரவியிருந்தாலும், அடியிலிருந்து சுமார் 2 மீட்டர் தள்ளி ஒரே இடத்தில் இருப்பதாக எடுத்துக்கொள்ளலாம். 900 கிலோவை 2 மீட்டர் கோலின் நுனியில் தொங்கவிட்டால் அடியில் என்ன முறுக்கம் வருமோ, அதுதான் இணைப்பில் வருகிறது, இங்கே மேல்நோக்கி.

ஸ்ட்ரட் இல்லாத இறக்கை என்றால் இதை ஸ்பார் என்கிற நடு உத்தரத்தின் அடிப்பகுதி மட்டுமே தாங்கணும். அந்த இடத்தில் ஸ்பாரின் உயரம் 18 செ.மீ. என்றால், மேலே ஒரு போல்ட், கீழே ஒரு போல்ட். 1,800-ஐ 0.18-ஆல் வகுத்தால் ஒவ்வொரு போல்ட்டிலும் 10,000 கிலோ. பத்து டன்! 450 கிலோ எடையுள்ள பொருளில், பெருவிரல் தடிமன் உள்ள ஒரு எஃகுத் துண்டின்மேல் ஒரு லாரிச் சுமை.

அதே இறக்கைக்கு அடியிலிருந்து 2.6 மீட்டர் தள்ளி ஒரு ஸ்ட்ரட் கொடுத்தால் கதை மாறிவிடும். 1,800-ஐ 2.6-ஆல் வகுத்தால் செங்குத்தாக 690 கிலோதான் அது இழுத்துப் பிடிக்கணும். கம்பி சாய்வாக இருப்பதால் அதனுள் வரும் இழுவிசை சுமார் ஒன்றரை டன். பத்து டன் எங்கே, ஒன்றரை டன் எங்கே! வீட்டில் விமானம் கட்டுகிறவர்கள் பலர் ஸ்ட்ரட் வைத்த இறக்கையை ஏன் விரும்புகிறார்கள் என்பதற்கு விடை இதில் இருக்கிறது. லேத் பட்டறையில் செய்த இணைப்பு பத்து டன்னைத் தாங்கும் என்று நிரூபிப்பதைவிட ஒன்றரை டன்னைத் தாங்கும் என்று நிரூபிப்பது ரொம்பச் சுலபம். ஆனால் ஸ்ட்ரட்டின் கீழ்முனையில் இருக்கும் அந்த ஒரு போல்ட் போனால் இறக்கை மேலே மடங்கிவிடும், மாற்று வழி கிடையாது.

கழற்றும் வரிசையும் இதிலிருந்தே வருகிறது. காற்றில் இறக்கை மேலே போகப் பார்க்கும், ஸ்ட்ரட் அதைக் கீழே இழுத்துப் பிடிக்கும். தரையில் நேர்மாறு: இறக்கை தன் எடையால் கீழே விழப் பார்க்கும், ஸ்ட்ரட் முட்டுக்கட்டையாக நிற்கும். அதனால் முதலில் ஒருவர் இறக்கை நுனிக்குப் போய்த் தூக்கிப் பிடிக்கணும். அதற்கு முன்பே பெட்ரோலை வடித்திருக்கணும், பேட்டரியைக் கழற்றியிருக்கணும், எய்லரான் கேபிள்களையும் வேகமானிக்குக் காற்று எடுத்துப் போகும் குழாயையும் விடுவித்திருக்கணும். எய்லரான் என்பது இறக்கையின் பின்விளிம்பில் மேலும் கீழும் ஆடும் பலகை. விமானத்தைப் பக்கவாட்டில் சாய்ப்பது அதுதான். இதில் ஒன்றை மறந்துவிட்டு இறக்கையை இழுத்தால் கேபிளோ குழாயோ அறுந்து வரும்.

பிறகு ஸ்ட்ரட், கடைசியில் அடிப்பகுதி போல்ட்டுகள். இந்த வேலையின் உயிர் நுனியில் நிற்கிறவரின் கையில் இருக்கிறது. அவர் ஒரு விரல்கடை கூட்டிக் குறைத்துத் தூக்க, சுமை முழுக்க விலகும் ஒரு இடம் வரும். அப்போது போல்ட் விரலாலேயே வந்துவிடும். வரவில்லை என்றால் சுத்தியல் எடுக்கக் கூடாது, தூக்குவதைத்தான் மாற்றிப் பார்க்கணும். அடித்து எடுத்தால் துளையின் வாய் பிய்யும். துளை பெரிதானால் அடுத்த முறை போல்ட் ஆடும், ஆடினால் இன்னும் பெரிதாகும். நம் ஊர் மாட்டு வண்டியில் கடையாணி தேய்ந்தால் என்ன ஆகுமோ, அதுதான்.

கழற்றிய போல்ட்டை வாஷர், நட்டோடு உடனே அதன் சொந்தத் துளையிலேயே திரும்ப மாட்டி வைப்பது நல்ல பழக்கம். ஒரு டப்பாவில் மொத்தமாகப் போட்டால், ஒரே தடிமனில் 2 மி.மீ. நீளம் குறைந்த போல்ட் தப்பான இடத்துக்குப் போய்விடலாம். பார்வைக்கு ஒன்றும் தெரியாது, ஆனால் நட்டுக்குள் மரை முழுசாகப் பிடிக்காது. உள்ளே நைலான் வளையம் உள்ள நட்டையும், ஸ்பிளிட் பின்னையும் மறுபடி பயன்படுத்தாமல் புதிதாகப் போடுவதே பாதுகாப்பு. பத்து ரூபாய்ச் சமாச்சாரம்.

லாரியில் வைப்பதில் பலருக்குத் தோன்றாத ஒரு விஷயம் உண்டு. இறக்கைக்குத் தான் லாரியில் இருப்பது தெரியாது. இந்த விமானம் மணிக்கு 60 கி.மீ. வேகத்திலேயே 450 கிலோவைத் தூக்கிக் காட்டும், அதற்காகத்தான் அதைக் கட்டியதே. திறந்த லாரியில், விமானத்தில் இருப்பதுபோலவே முன்விளிம்பு காற்றைப் பார்க்கும்படி வைத்தால், லாரி 60-ல் போக எதிர்க்காற்று 20 இருந்தால், இறக்கை பார்ப்பது 80 கி.மீ. காற்று. சரியான கோணம் இல்லாமல் மூன்றில் ஒரு பங்கு திறனோடு வேலை செய்தால்கூட ஒரு பக்க இறக்கை நூறு கிலோவுக்கு மேல் தூக்கும். அதன் சொந்த எடையோ இரண்டு பேர் தூக்கிவிடும் அளவுதான். நீளவாட்டில் நிறுத்தி வைத்தால் காற்று நுனியிலிருந்து அடிக்கு ஓடும், தூக்கு வராது. அதனால் முன்விளிம்பு கீழே வரும்படி, பழைய கார்ப்பெட் அல்லது கயிற்று மெத்தை போட்ட தொட்டிலில் நிறுத்துவது வழக்கம். தொட்டில் விலாக்கட்டைகள் இருக்கும் இடத்தில் தாங்கணும். கட்டும் பட்டையும் விலாக்கட்டையின் மேலேயே போகணும், இரண்டு விலாவுக்கு நடுவில் துணியின்மேல் போனால் பள்ளம் விழும்.

நிறுத்தி வைத்தாலும் பக்கவாட்டுக் காற்றுக்கு அது ஒரு பாய்மரம். செங்கோட்டைக் கணவாயில் ஆடி மாசம் வீசும் காற்று எப்படி என்று தென்காசிக்காரர்களைக் கேட்க வேண்டியதில்லை, கயத்தாறு பக்கம் அத்தனை காற்றாலைகள் ஓடுவதே அந்தக் காற்றில்தான். ஆரியங்காவு வழியாக இறங்கும் லாரிக்கு அது பின்னாலிருந்து தள்ளும். தென்காசி தாண்டி அம்பாசமுத்திரத்துக்குத் தெற்கே திரும்பினால் பக்கவாட்டில் அறையும். மூடிய லாரி கிடைத்தால் இந்தக் கவலையே இல்லை.

உடல் பகுதியை அதன் சொந்தச் சக்கரத்தில் உருட்டி, டிராக்டரில் கட்டி இழுத்துப் போகலாமே என்று தோன்றும். மைதானத்துக்குள் சரி. சாலையில் வேண்டாம். அந்தச் சக்கரமும் பேரிங்கும் ஓடுதளத்தில் சில நூறு மீட்டர் ஓடுவதற்குச் செய்தவை. வேகத்தடையில் விழும் ஒவ்வொரு அதிர்ச்சியும் நேராக எஞ்சின் தாங்கும் சட்டத்துக்குப் போகும்.

நம் கடற்கரைக்கு மட்டும் ஒரு கூடுதல் கவலை உண்டு. தூத்துக்குடியில் உப்பளத்துப் பக்கம் வீடு உள்ளவர்களைக் கேளுங்கள், ஜன்னல் கம்பி எத்தனை வருஷம் தாங்குகிறது என்று. விமான இணைப்பில் அலுமினியமும் எஃகும் ஒட்டி இருக்கின்றன. நடுவில் உப்பு ஈரம் புகுந்தால் அது ஒரு குட்டி பேட்டரி, அலுமினியம் அரிக்க ஆரம்பிக்கும். இறக்கை பூட்டியிருக்கும்வரை துளை ஓரளவு மூடியிருக்கும். கழற்றிய பிறகு துளை திறந்த வாய். அதனால் கழற்றிய உடன் துளைகளைத் துடைத்து, கிரீஸ் தடவி, டேப் ஒட்டி மூடுவது இங்கே அவசியம். பூட்டும் முன் அந்த கிரீஸில் ஒட்டிய மண்ணைத் துடைப்பதும் அதே அளவு அவசியம்.

இனி பூட்டும் பக்கம். இறக்கை பூட்டாமல் யாரும் பறக்க மாட்டார்கள், அது கண்ணுக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரியாதது எய்லரான் கேபிள். அது இணைக்கப்படாமல் இருக்கலாம். அதைவிட மோசம், இடம் மாறி இணைக்கப்பட்டிருக்கலாம். அப்போது வலதுபக்கம் சாய்க்க ஸ்டிக்கைத் தள்ளினால் விமானம் இடதுபக்கம் சாயும். சரிசெய்ய இன்னும் தள்ளினால் இன்னும் சாயும். தரையில் ஓடும்போது எந்த வித்தியாசமும் தெரியாது.

அனுபவம் இல்லாதவர்கள் செய்யும் தப்பு என்று இதை நினைக்க வேண்டாம். 1947 ஆகஸ்ட் 23-ஆம் தேதி இங்கிலாந்தில் உட்ஃபோர்டில் அவ்ரோ டியூடர் 2 விமானம் கிளம்பியவுடன் விழுந்தது. பராமரிப்பில் எய்லரான் கேபிள்களை மாற்றிப் பூட்டியிருந்தார்கள். இறந்தவர்களில் ஒருவர் ராய் சாட்விக், இரண்டாம் உலகப்போரின் புகழ்பெற்ற லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானத்தை வடிவமைத்தவர். எழுபது வருஷம் கழித்து, 2018 நவம்பர் 11-ஆம் தேதி, போர்ச்சுகலில் பராமரிப்பு முடிந்து கிளம்பிய ஏர் அஸ்தானாவின் எம்பிரேர் 190 ஜெட் விமானத்திலும் எய்லரான் கேபிள்கள் தப்பாகப் பூட்டப்பட்டிருந்தன. உள்ளே ஆறு பேர். கட்டுப்பாடே இல்லாமல் புரண்டு புரண்டு பறந்து, கடைசியில் பேஜா விமானத்தளத்தில் இறக்கினார்கள். பெரிய நிறுவனம், பயிற்சி பெற்ற ஆட்கள், எல்லாம் இருந்தும் இப்படி.

மென்பொருள்காரனாக எனக்கு இதில் ஒரு பரிச்சயம் தெரிகிறது. தப்பாகப் பொருந்த முடிகிற இரண்டு முனைகள் இருந்தால், என்றாவது ஒருநாள் தப்பாகப் பொருந்தும். அதனால் இடது கேபிளின் முனையும் வலது கேபிளின் முனையும் ஒன்றோடொன்று சேரவே முடியாத அளவில் செய்வதுதான் நல்ல வடிவமைப்பு. அதற்குக் கூடுதல் எடை இல்லை, முன்யோசனை மட்டும் போதும். அடிக்கடி கழற்றிப் பூட்டும் கிளைடர்களில் இன்னும் ஒருபடி மேலே போய், இறக்கையைச் செருகினாலே எய்லரான் தானாகப் பூட்டிக்கொள்ளும்படி செய்கிறார்கள்.

அதற்குமேல் ஒரு சோதனை இருக்கிறது. கிளைடர்காரர்கள் ஒவ்வொரு முறை பூட்டிய பிறகும் செய்வது. ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஸ்டிக்கைப் பிடிப்பார். இன்னொருவர் வெளியே எய்லரானை இரண்டு கையாலும் அழுத்திப் பிடிப்பார். உள்ளே இருப்பவர் ஸ்டிக்கைத் தள்ள, வெளியே இருப்பவர் விடாமல் எதிர்ப்பார். பலகை ஆடுகிறதா என்று பார்ப்பது போதாது. அரைகுறையாக மாட்டிய இணைப்பும் ஆடும், ஆனால் எதிர்த்துப் பிடித்தால் கழன்றுவிடும். பிறகு திசை: ஸ்டிக் வலதுக்குப் போனால் வலது எய்லரான் மேலே போகணும், இடது கீழே வரணும். ஸ்டிக்கின் கட்டைவிரலை மேலே நீட்டிப் பிடித்தால், கட்டைவிரல் சாயும் பக்கத்து எய்லரான்தான் மேலே நிற்கணும் என்பது பைலட்டுகள் ஞாபகம் வைக்கும் முறை.

இந்தச் சோதனையில் பேச்சே தேவையில்லை என்பதை யோசித்தபோது எனக்கு சஜி தாமஸ்தான் நினைவுக்கு வந்தார். ஒருவர் கொடுக்கும் விசையை இன்னொருவர் கையில் உணர்வதுதான் இதில் நடக்கும் முழு உரையாடலும். மணிமுத்தாறில் விமானத்தைக் கட்டியவர் ஒருவர், அந்த போல்ட்டுகளை நம்பி ஏறி உட்கார்ந்தவர் வேறொருவர். பைலட்டாக இருந்தால் நான் போல்ட்டை எண்ணுவதோடு நிறுத்த மாட்டேன், கட்டியவரையே எய்லரானைப் பிடிக்கச் சொல்லுவேன்.

எல்லாம் சரி என்றான பிறகும் உடனே மேலே ஏறிவிடுவதில்லை. முதலில் தரையில் மெதுவாக ஓட்டம், பிறகு வேகமாக, பிறகு ஓடுதளத்துக்கு மேலே ஒரு ஆள் உயரத்துக்கு எழும்பி உடனே இறக்கம். இறங்கியதும் எஞ்சினை நிறுத்திவிட்டு ஸ்ட்ரட்டின் கீழ் போல்ட்டைப் போய்ப் பார்க்கணும். நட்டின் மேலும் சட்டத்தின் மேலும் சேர்த்து முன்பே ஒரு பெயிண்ட் கோடு போட்டிருந்தால், கோடு நேராக இருக்கிறதா, உடைந்திருக்கிறதா என்று ஒரு பார்வையில் தெரிந்துவிடும்.